நாளையிலிருந்து ஒரு அழைப்பு

செவ்வாய் இரவு.

"சேர், கிழக்கால உள்ள நாட்டுக்குக் கோல் எடுத்தா நாளையோடயா கதைக்கிறம்?" என்று புவியியல் பாடத்தில் ஒரு மாணவன் முன்பு கேட்டான். "ஓம்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று என் மனைவி ஹபீபாவோடு கொரியத் தொடர் பார்த்தேன். இறந்த மனைவியைக் காப்பாற்ற நாயகன் கடந்த காலத்துக்கு ஓடுகிறான். முடிந்துபோனதையும் இன்னும் முடியவில்லை என்று நம்பவைத்துப் பதறவைக்கிறார்கள். அபாரமான வேலை!

இடையில் கொரியாவில் வேலை செய்யும் மகன் அழைத்தான். அங்கே புதன் பிறந்துவிட்டது. ஹபீபாவின் கழுத்துக் கட்டிக்குப் பரிசோதனை முடிவு வருவதும் புதன்தான்.

"அங்க நாளையாகிட்டாமே மகன், எப்பிடி இரிக்கு?" என்றாள்.

"நல்லா இரிக்கு உம்மா. பயப்படாம வாங்க."

சிரித்தபடியே தூங்கிவிட்டாள். எனக்கே எழுதிவைக்கிறேன்: தொடரின் கடைசிப் பகுதியைத் தனியே பார்த்துவிடாதே. நாளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவளோடு பார்.