பெண்கள் தரையிலிருந்து ஒரு விசில்

புது ரப்பர் விரிப்பின் வாசம் மூக்கில் ஏறியதும் உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு அந்த வாசம் தெரியாது. நீ அறிந்ததெல்லாம் பீடிப் புகையும் முறுக்கும் கலந்த பழைய டாக்கீஸ் வாசம். அதே இடம்தான்டி. நமக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை, நம் காலத்தில் தகரக் கூரை டாக்கீஸ், பிறகு கல்யாண மண்டபம், இப்போது ஷட்டில் ஆடும் உள்ளரங்கம். பெரம்பலூரில் அந்தக் கட்டடம் போடாத வேஷம் இல்லை. முதலாளி மட்டும் மாறவே இல்லை. தொண்ணூறை நெருங்கிவிட்டார். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், அவர் இருக்கிறார்.

நேற்று திறப்பு விழா. வார்டு கவுன்சிலர் என்று என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். திரை இருந்த இடத்தில்தான் மேடை. உன்னை நிறுத்திவைத்த இடம்.

பெண்கள் தரைக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் இருக்குமே. அன்று படத்தில் கதாநாயகன் குதிரையில் வந்து இறங்கினான். அந்தப் பக்கம் விசில் பறந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று, நீ நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து அடித்தாய். மற்றதையெல்லாம் அது அமுக்கிவிட்டது. படம் நின்றது, விளக்கு எரிந்தது. "எவ அவ?" என்று வந்த முதலாளி உன் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இழுத்துப் போனார். "குடும்பப் பொம்பளைங்க வர்ற எடம் இது. மன்னிப்புக் கேளு" என்றார். கேட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

ஊர் வாயை மூட, ஆவணியிலேயே உன்னைத் தா.பழூரில் கட்டிக்கொடுத்தார்கள். உன்னைப் பார்க்க வந்தபோது வரப்பில் உட்கார்ந்து, "அடிடி ஒண்ணு" என்று கெஞ்சினேன். "வயல்ல ஆளே இல்லாதப்பகூட வாயில வெரல வைக்க பயமா இருக்குடி. வுட்டுத்தள்ளு" என்றாய். விட்டுத்தள்ள உன்னால் முடிந்தது. என்னால் முடியவில்லை. அந்த மனிதனைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

விழாவுக்கு அழைத்த நாள் முதல் அடுக்களையில் பழகினேன். அன்று நீ எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் எனக்குக் காற்றுதானே வந்தது. இப்போது வந்துவிட்டது. "குக்கர்னு நெனச்சு அடுப்ப அணைச்சுட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

மேடையில் முதலாளி பேசினார். "இத்தன வருசத்துல இந்த எடத்துல ஒரு பொம்பளப் புள்ள மருவாதி தப்புனது கெடையாது. அப்புடி நடத்தியிருக்கேன்." கைதட்டினார்கள். அடுத்து மைக் என்னிடம் வந்தது. நான் வணக்கம் சொல்லவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்தேன்.

அவர் காதில் மாட்டியிருந்த மெஷின் கீச்சென்று அலறியது. காதைப் பொத்திக்கொண்டு, "எவ அவ?" என்றார். அதே குரல்.

"நாந்தான்" என்றேன். எதிரிக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசித்தான் ஓட்டு வாங்கினேன். அவருக்குப் போடவில்லை. "மன்னிப்புக் கேளு."

"எதுக்கு?" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. உன் ஆயுசையே முடக்கிப் போட்டவருக்கு அது ஒரு மாலைக்காட்சி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. உன் பெயரைச் சொல்லி, குதிரையில் தொடங்கி மன்னிப்பு வரை மைக்கிலேயே சொன்னேன். முன்வரிசையில் அவர் மருமகள்களும் பேத்திகளும் உட்கார்ந்து கேட்டார்கள். மகன் ஓடிப்போய் மைக்கை அணைத்தான். பழைய பெண்கள் தரையில் பேட்டோடு நின்ற பிள்ளைகளில் ஒருத்தி விசிலடித்தாள். முதலாளி தலை நிமிரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் போகட்டும். அந்த அரங்கம் என் வார்டில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் போட்டி வைப்பார்கள், பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டாக வேண்டும். அவரும் மேடைக்கு வந்தாக வேண்டும். விரல் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.