மாமன் சீராகத் தந்த எலும்பு

மாமா,

இன்று காலை பக்கத்து வீட்டில் சுவர் பூசத் தொடங்கினார்கள். கொத்தனார் சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றியதும் அந்த ஈர வாடை அடுக்களை வரை வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையில் பானையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாவுக்கட்டு காய்வதற்கு முன்னால் வருமே, கிட்டத்தட்ட அதே வாடை. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பாழும் மூக்குக்கு அதெல்லாம் தெரிகிறதா?

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அப்பா போன வருஷம் அது. இடது முழங்காலுக்குக் கீழே கட்டி என்று ஆரம்பித்தது, எலும்புக்குள்ளேயே சீழ் பிடித்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் செத்துப்போன எலும்பை வெட்டி எடுத்தார். புண் ஆறியது. ஆனால் நடுவில் எலும்பில்லாத கால் துணி மாதிரி மடங்கியது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாகூர் முழுக்கத் திரிந்தாள். மறுபடி போனபோது டாக்டர் இரண்டே வழி சொன்னார். நெருங்கிய சொந்தம் யாராவது தன் கணைக்கால் எலும்பிலிருந்து ஒரு பட்டை செதுக்கித் தந்தால், அதை என் காலில் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் காலை எடுத்துவிடலாம். என்னுடைய மற்றக் கால் வெறும் குச்சி, அதில் எடுக்க ஒன்றுமில்லையாம்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நீ அவளைத் தள்ளிவிட்டாய்.

"காது குத்த மடி குடுத்தவன் நானு. மொட்டை அடிக்க மடி குடுத்தவன் நானு. இப்ப எலும்பு கேக்கறாங்க. இதுவும் மாமன் சீருதான். தாம்பாளத்துல வச்சி மேளத்தோட எடுத்தாரல, அவ்ளோதான்."

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ஏர் புடிக்கிற கால குடுத்துட்டு நம்ம புள்ளைங்க வாயில இன்னாத்த போடுவ?" என்றாள். ஊரே அவளைக் கல்நெஞ்சக்காரி என்றது. பாவம், அவளுக்குத்தான் கண் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கும் மாவுக்கட்டு, உனக்கும் மாவுக்கட்டு. பெண்கள் பக்கம் என்னைப் பார்க்க உன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இன்னாடி, என் எலும்பு சமத்தா இருக்குதா? அடம் புடிச்சா சொல்லு, வந்து ரெண்டு வைக்கறன்" என்பாய். வலியை மறந்து சிரிப்பேன். டாக்டர் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: செதுக்கிய இடத்தில் பள்ளம் இருக்கிறது, அது தூர்ந்து கெட்டிப்பட ஒரு வருஷமாவது வேண்டும், அதுவரை சுமை தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. "ஆவட்டும் முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு பெரிய கும்பிடாகப் போட்டாய். கும்பிடுக்கு உனக்குக் குறைவே இல்லை.

என் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் நின்றது. கட்டையை ஊன்றி உன் வாசல்வரை நானே நடந்து வந்தேன். நீ அழுததை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன வருஷம் முடிவதற்குள் பங்குனி உத்திரம் வந்தது. எனக்குக் கால் வந்தால் மயிலத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தாய். அடுத்த வருஷம் எடுக்கலாம் என்று அம்மா காலில் விழாத குறையாகச் சொன்னாள்.

"சாமிகிட்டயே தவணை கேக்க சொல்றியா? குடுத்த கால அது திருப்பி புடுங்கிக்கினா, நீயா பதில் சொல்லுவ?"

அம்மா என் காலைப் பார்த்தாள். காவடிக்கு மஞ்சள் துணியை அவளே நனைத்துக் கொடுத்தாள். வெறுங்காலோடு தோளில் காவடியோடு பிரெஞ்சு எல்லை தாண்டிப் போனாய். மலைப்படியில் பாதி ஏறியதும், செதுக்கிய இடத்திலேயே உன் கால் முறிந்தது. கட்டை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். என் காலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று உன் காலை முறித்துக்கொண்டாய் மாமா. அந்த முருகன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. உன் மேலும்தான்.

டாக்டரிடமாவது போயிருக்கலாம். "அந்த மனுசன் மூஞ்சில எப்பிடி முழிப்பன்?" என்று சொல்லி நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டாய். கால் கோணிக் குட்டையாகி ஒட்டியது. சேற்றில் இறங்கி ஏர் பிடிக்க உன்னால் முடியவே இல்லை. அத்தை அடுத்தவர் கழனியில் நடவுக்குப் போனாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை அவள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீயோ நான் தெருவில் ஓடினால் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "அதோ பாரு, என் எலும்பு ஓடுது!" என்று காட்டுவாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் இரண்டாவது பிரசவத்தில் ஒரு தமிழ் டாக்டர் அந்தத் தழும்பைப் பார்த்துக் கதை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "வச்ச எலும்பு அப்படியே நிக்காதும்மா. அவரைக் கொடிக்கு நட்ட கொம்பு மாதிரிதான் அது. உன் எலும்பு அதைப் பிடிச்சிக்கிட்டு வளந்திருக்கும். அது எப்பவோ கரைஞ்சிருக்கும்." வீட்டுக்கு வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி அழுது தீர்த்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது?

கடைசிக் காய்ச்சலில் நான் வந்தபோது உனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டி என் கணைக்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டாய்.

"எப்பிடிடி இருக்குது, என் எலும்பு?"

"நல்லா இருக்குது மாமா."

"அப்ப நான் முழுசா போவலடி."

தலைமாட்டில் இருந்த அத்தை புடவையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

உன் பிள்ளைகள் உன்னை எரித்து, எலும்பு பொறுக்கி, மணப்பட்டுக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். எல்லாம் முறையாகச் செய்தார்களாம், ஒன்றும் மிச்சமில்லையாம். அந்தத் தமிழ் டாக்டர் படித்தவர், அவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் குளிக்கும்போது அந்தத் தழும்பின் மேல் கை போனால் திரும்பி வர மாட்டேனென்கிறது. சாமியிடம் வேண்டிக்கொள்ள எனக்கு இனி மனசு வராது. உன்னிடமே கேட்கிறேன் மாமா, என் காலுக்குள் ஊசிமுனை அளவாவது கரையாமல் இருந்துவிடு.