அப்பாவுக்குக் கேட்காத மாத்திரை

திருச்செங்கோடு,
ஆவணி 25

அன்புள்ள சிவபிரகாஷுக்கு,

அப்பாவின் இடது பாதம் இன்று காலையிலும் சூடாக இருந்தது, அதனால் நாங்கள் நலம் என்று தைரியமாக எழுதுகிறேன். அங்கே தான்சானியாவில் போர்வெல் ரிக் ஓடுகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல வரவில்லை. வேல்முருகன் வியாழக்கிழமை ரிக் சாமான்களோடு அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்திரையில் அப்பாவுக்குக் கால் ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா. அன்றைக்கே பக்கத்துக் கட்டிலில் ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் தனசேகருக்கும் அதே ஆபரேஷன். அதே கால். ரத்தம் உறையாமலிருக்க அதே இரண்டு மாத்திரைகள். ஆடியில் அவரைச் சந்தையில் பார்த்தோம், பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அப்பா சந்தையைக் கடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றார். கெண்டைக்காலில் பிடிப்பு, பாதம் சில்லென்று. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவர் மாத்திரை போடுவதில்லை. அவருக்குக் கேக்குற மாத்திரை உங்களுக்கு மட்டும் ஏனுங்க கேக்காது என்றேன். போட்டனே சௌந்திரம் என்றார். நாக்கைத் தூக்குங்க பாக்கலாம் என்றேன். அறுபது வயது மனுஷரின் நாக்குக்கு அடியில் பார்த்தேன் சாமி. உனக்கும் போன் போட்டு ஏற்றிவிட்டேன், உங்க பிடிவாதத்துக்குக் காலை எடுத்தாத்தான் அடங்குவீங்க என்று நீ அங்கிருந்து கத்தினாய். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அதோடு விட்டேனா. கருப்பணார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். வரப்புத் தகராறில் பங்காளிகள் கூப்பிட்டபோது, நிலம் போனால் போகட்டும், சாமியைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன் என்று திரும்பி வந்தவர் அவர். அன்றைக்கு வந்தார். நொண்டி நொண்டி. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மாத்திரையை ஒரு நாளும் உடலீங்க சாமி என்றார். கருப்பணாரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அப்போதும் நான் பாதிதான் நம்பினேன். இந்தச் சண்டையில் டாக்டரிடம் போகாமல் மூன்று நாள் போய்விட்டது.

நாலாம் நாள் பாதம் வெளுத்தது. சேலத்துக்கு ஓடினோம். உள்ளே மறுபடி ரத்தம் கட்டியிருந்தது, எடுத்தார்கள், கால் தப்பியது. டாக்டர் தேவிப்ரியாவுக்கு உன் வயதுதான் இருக்கும். இவரு மாத்திரையே போடறதில்லீங்க என்று நான்தான் முந்திக்கொண்டேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், போட்டீங்களாய்யா என்றாள். போட்டேனுங்க என்றார். சரி, ரத்தத்தையே கேட்டுப் பாத்துடலாம் என்றாள். ஒரு வாரம் நர்ஸ் கையாலேயே அதே மாத்திரை. பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் என்று இருக்கின்றனவாம், அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த மாத்திரைகள். அப்பாவுடையவை மாத்திரையே போடாதவருடையவை போல ஒட்டின. அந்த இரண்டில் ஒன்று விழுங்கும்போது மருந்தே இல்லையாம். ஈரல்தான் அதை மருந்தாக்க வேண்டும். சிலருடைய ஈரல் அதை அரைகுறையாகத்தான் செய்யும். அப்பாவுக்குப் பிறவியிலேயே அப்படி என்று இன்னொரு சோதனையில் தெரிந்தது. அடைப்புக்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

கட்டிலோரம் அப்படியே நின்றேன். முப்பத்திரண்டு வருஷம். எந்தப் பக்கம் படுத்தால் இருமுவார் என்பது வரை தெரியும் என்று இருந்தேன். அவருக்கே தெரியாத ஒன்று, பிறந்த நாளிலிருந்து, சத்தமில்லாமல், அந்த உடம்புக்குள். அவர் சிரித்தார். முப்பது வருஷம் ரிக்கில் நின்றவர் அல்லவா. ஒரே காட்டுல பத்தடி தள்ளி ரெண்டு போர் பாயிண்ட், ஒண்ணுல முந்நூறடியில தண்ணி, இன்னொண்ணுல எண்ணூறடியும் புழுதி, அதுக்கு ரிக்கையா திட்டுவ என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் விடிந்ததும் சூடு இருக்கிறதா என்று அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். கோயில் கல்லைத் தொடுவது போலத்தான் இருக்கிறது.

ஈரலின் இந்தக் குறை உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றாள் டாக்டர். அந்தப் பழைய மாத்திரையின் பெயரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், பர்ஸில் வைத்துக்கொள், என்றைக்காவது எந்த டாக்டராவது அதை உனக்கு எழுதினால் அப்பா கதையை அந்த டாக்டரிடம் சொல். உன் உடம்புக்குள் அவர் எங்கெங்கே இருக்கிறாரோ, நினைத்தால் மலைப்பாக இருக்கிறது சாமி.

உள்ளங்கைக் கொப்புளம் ஆறிவிட்டது, வடு இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன், அட உடு என்றார். நீ இன்னும் அவரிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்படுவார். அங்கே எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று சொல், கேட்டுக்கொண்டே இருப்பார்.

நீ துளை போடும் இடமெல்லாம் ஈரம் தட்டட்டும், கருப்பணார் உன் கூடவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாத்திரை போட்டீங்களா என்று அவரிடம் கேட்காதே.

உன் அம்மா,
சௌந்திரம்