மார்கழிக்கு ஒரு வெயிலூர்

கார்த்திகை 11, புதன்

காலையில் பனி. மிங்கலாடோன் வயல்களில் எழுந்து இங்கே இன்சீன் வரை வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணிக்குத்தான் சூரியன், அதுவும் அரை மனதாக.

கம்பளிப் பெட்டியைத் திறந்தேன். பூச்சி. எல்லாம் கொடியில்.

அவருக்கு எழுந்ததிலிருந்து இருமல். நான் எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷம் பிள்ளைப்பேறு பார்த்தவளுக்கு மூச்சை எண்ணாமல் இருக்க வராது. ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியும் கை தானாக மணிக்கட்டைத் தேடுகிறது.

டாக்டர் வந்தார். முதுகில் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"போன மார்கழி ஞாபகம் இருக்கில்ல அம்மா? இன்னொரு தடவை அந்த மாதிரி வந்தா இவர் நெஞ்சு தாங்காது. பனி இல்லாத ஊராப் பாருங்க. வெயில், கடல் காத்து. மாசியிலே திரும்பி வாங்க."

ஞாபகம் இல்லாமல் என்ன. பதினோரு நாள் கட்டிலில் கிடந்தார், நான் நாற்காலியில்.

டாக்டர் போனதும் இவர் முகத்தில் சந்தோஷம்! வியாதிக்காரர் மாதிரியே இல்லை. "கேட்டியா ராஜம்? வண்டிக்கு வேலை வந்தாச்சு."

வண்டி என்றால் கொல்லையில் நிற்கும் லாரி. பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. முப்பத்திரண்டு வருஷம் ரயில் பெட்டி செய்த தச்சர், ஓய்வு பெற்றதும் லாரி முதுகில் ஒரு ரயில் பெட்டி கட்டிவிட்டார். மடக்குப் படுக்கை இரண்டு, மரச் சன்னல், அடுப்புக்கு மாடம், கூரை நடுவில் மட்டும் எழும்பிய மேடு, பச்சை வர்ணம். தெருப் பிள்ளைகள் அதற்கு "மீயத்தா" என்று பேர் வைத்திருக்கின்றன. பர்மியில் ரயில். இதுவரை அதிக தூரம் போனது சந்தைக்கு.

பூனை கம்பளி மேல் படுத்துவிட்டது. மறுபடி உதற வேண்டும்.

கார்த்திகை 12, வியாழன்

எங்கே போவது? ஊ.த. வந்து உட்கார்ந்துவிட்டார். ஊ தங்கவேலு, இவருடைய பழைய சிநேகிதர், ரயில் இஞ்சின் ஓட்டியவர். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. அதனால் பேருக்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஊ, பேர் தங்கவேலு. மனைவி போய் நாலு வருஷம். லாரி ஓட்டப் போவது அவர்தான், இவருக்கு வண்டி கட்டத் தெரியும், ஓட்டத் தெரியாது.

காகிதத்தில் எழுதினோம்:

மேமியோ: கோட்டு வைத்திருக்கிறவர்கள் போகும் ஊர். அடித்தாயிற்று.
மாண்டலே: மகள் கமலா இருக்கிறாள். பகலில் வெயில். விடியற்காலை பேசினால் வாயிலிருந்து புகை.
புரோம்: ஆற்றுப் பனி.
டாலா, அதைத் தாண்டி துவாந்தே: ஆற்றைக் கடந்தால் போதும். ஊ.த. சிபாரிசு.
மோல்மேன் தாண்டி ஆம்ஹெர்ஸ்ட் கடற்கரை: வெயில் உண்டு, கடல் உண்டு. ரோடு இல்லை.

"ரோடு இல்லேன்னா?" என்றேன்.

"சித்தாங் ஆத்துக்கு ரயில் பாலம்தான் சயாமா. லாரி போக வழி கிடையாது." ஊ.த. என்னை சயாமா என்றுதான் கூப்பிடுவார். ஊரே அப்படித்தான், மருத்துவச்சிக்கு மரியாதை.

இவர் மட்டும் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை: புளி வாங்க மறந்தேன். ரசம் இல்லை.

கார்த்திகை 14, சனி

சம்பான் படகில் ஆற்றைக் கடந்து டாலா போய்ப் பார்த்தோம், மூன்று பேரும். லாரியைக் கொண்டுபோவதற்கு முன் ஊரைப் பார்ப்பது என் நிபந்தனை.

சேறு. கொசு. நல்ல மனிதர்கள். ஒரு அம்மாள் இளநீர் கொடுத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு, அவளுடைய இரண்டாவது பெண்ணைப் பிரசவத்தில் நான்தான் பிடித்தேனாம்! பெண்ணைக் கூட்டிவந்து காட்டினாள். இடுப்பில் ஒரு குழந்தை. எனக்கு வயதானது அங்கேதான் தெரிந்தது.

அவளிடமே கேட்டேன், மார்கழியில் இங்கே பனி எப்படி?

"அமேலே! எருமை நின்னா எருமை தெரியாது சயாமா."

டாலா அடித்தாயிற்று. ஊ.த. திரும்பும் வழியெல்லாம், எருமை கறுப்பாச்சே, எப்படித் தெரியாமல் போகும் என்று வாதம்.

கார்த்திகை 16, திங்கள்

கமலா கடிதம், வியாழனன்று நான் எழுதியதற்குப் பதில். நான்கு பக்கம். சுருக்கம்: லாரியில் ஊர் சுற்றினால் மாண்டலேயில் அவள் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பாள்? "அப்பாவுக்குத்தான் விளையாட்டு என்றால் நீங்களுமா அம்மா? முன் அறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். கரியடுப்பு வாங்கியிருக்கிறேன்."

கடைசி வரியில் கண் கலங்கிற்று. நல்ல பெண். ஆனால் கரியடுப்புப் புகையில் அவரை இரண்டு மாதம் அடைத்து வைத்தால்? போகாவிட்டால் வருத்தப்படுவாள். போனால் இவர் இருமுவார். பதில் எழுதினேன், ஒரு பக்கம்தான். அப்பாவுக்குக் கடல் காற்று வேண்டும், மாசியில் நேராக உன்னிடம்தான் வருவோம் என்று.

மத்தியானம் இவர் பெரிய யோசனையோடு வந்தார்.

"லாரியை ரயில்லே ஏத்திடுவோம்."

"என்னது?"

"தாழ்ந்த தட்டு வேகன் ஒண்ணு இருக்கு. அதுலே ஏத்தி மார்த்தபான் வரைக்கும். அங்கேருந்து மிதவையிலே மோல்மேன். அப்புறம் ரோடு. நான் செஞ்ச பெட்டி ராஜம், ரயில்லே போகாம வேற எதுலே போகும்?"

முடிவாயிற்று. ஆம்ஹெர்ஸ்ட்! எனக்கும் கடலோரம் இரண்டு மாதம் சும்மா உட்கார ஆசைதான். யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை 17, செவ்வாய்

சரக்கு யார்டு. வெயில் பளிச்.

வேகன் வருகிற திங்கட்கிழமை உண்டு. அதை விட்டால் தைப் பொங்கலுக்குப் பிறகுதானாம். குமாஸ்தா மரியாதையாகப் பேசினார், இவரைத் தெரியும் போலிருக்கிறது. லாரியைக் கொண்டுவரச் சொல்லி, வேகனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோலால் உயரம் அளந்தார். மறுபடி அளந்தார்.

யார்டு வாசலில் ஒரு இரும்பு வளைவு தொங்குகிறது. வேகன் மேல் ஏற்றிய சரக்கு எதுவானாலும் அதற்கடியில் நுழைந்து வர வேண்டும். இடித்தால் ரயிலில் போகக்கூடாது. வழியில் பாலத்தில் மாட்டும்.

"ஒன்பது அங்குலம் ஜாஸ்தி மேஸ்திரி."

இவர் வளைவை அண்ணாந்து பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் அந்த வளைவுக்கு அடங்கியே பெட்டி செய்தவர்.

"கூரை நடுவிலே அந்த மேடு இருக்கே, அதை எடுத்துட்டாப் போதும்," என்றார் குமாஸ்தா.

"அதை எடுக்க முடியாது," என்றார் இவர். சட்டென்று. லாரியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீடு வரும் வழியில் ஊ.த. ஒரு மாட்டைப் பர்மியில் திட்டினார்.

கார்த்திகை 18, புதன்

பனி. இருமல் இரண்டு மடங்கு.

"போக வேண்டாம் ராஜம். இங்கேயே இருந்துக்கலாம். நாளைக்கு யார்டுக்குப் போய் வேகன் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"ஒரு மேட்டுக்காகவா?"

"மேட்டை எடுத்தா பெட்டி பெட்டியா இருக்காது."

"நீங்க இருப்பீங்களே!"

உளியைத் தீட்டப் போய்விட்டார். எந்த வேலைக்கு என்று உளிக்கே தெரியாது.

கோபம். தச்சர்களின் கர்வம் என்று நினைத்தேன். சோற்றில் உப்பு இரண்டு தடவை போட்டேன். முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அதற்கும் கோபம்.

சாயங்காலம் ஊ.த. வேலியோரம் வந்து மெல்லிய குரலில், "சயாமா, அந்த மேடு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அழகுக்கு."

"அழகுக்கா! சித்திரையிலே உங்களைக் கதவுப் பக்கம் நிக்க வெச்சு ஒரு மூங்கிலை அளவு வெட்டினானே, எதுக்குன்னான்?"

"திரைச்சீலைக்கு அளவுன்னார்."

"திரைச்சீலையாம். உங்க தலை இடிக்காம நீங்க நிமிர்ந்து நிக்கணும்னுதான் நடுவிலே உசத்தினான். வளைவுக்கு அதிகம்னு அப்பவே நான் சொன்னேன். ரயில்லே ஏத்தவா போறோம்னு கேட்டான்."

நான் உயரம். அவர் என் தோளுக்குச் சற்று மேல். கல்யாணத்தில் ஊரே சிரித்தது. அவர் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எங்கே போனாலும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வேன், இந்த வீட்டில் தவிர. இந்த வீட்டு நிலையையும் அவர்தான் உயர்த்தினார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

உள்ளே போய் அவரைப் பார்த்தேன். உளியோடு தூங்கிவிட்டார், வாய் திறந்து. மூச்சு இழுக்கிறது. எண்ணினேன். அதிகம்.

முடிவு செய்துவிட்டேன்.

கார்த்திகை 19, வியாழன்

காலை ஒன்பது: அவர் யார்டுக்குப் புறப்பட்டார், வேகனை வேண்டாமென்று சொல்ல. ஊ.த.வும் கூட. ஊ.த.வுக்கு நான் கொடுத்த வேலை: வழியில் மொஹிங்கா கடையில் அவரை உட்கார வைப்பது. குமாஸ்தா சாப்பிடப் போகும் நேரம் வரை எழுந்திருக்க விடக்கூடாது.

ஒன்பதரை: அவருடைய ரம்பம். லாரிக்குள் ஏறினேன். நிமிர்ந்து நின்றேன். தலைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, சரியாக. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு அறுத்தேன்.

தேக்கு சும்மா வராது. கண்ணில் தூள், வாயில் தூள். பத்து நிமிஷத்தில் கை கொப்புளம். பக்கத்து வீட்டு டோ மியா எட்டிப் பார்த்து, "சயாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "பிரசவம்" என்றேன். நம்பிவிட்டாள் போல, வெந்நீர் கொண்டுவந்தாள்! அதைக் குடித்துவிட்டு மறுபடி.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பக்கம் முழுதும் அறுந்து, மேடு சரிந்து தொங்கியது. அந்தச் சமயம் பார்த்து இருவரும் வந்தார்கள். ஊ.த. வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

அவர் ஏறி வந்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையெல்லாம் மரத்தூள், எனக்கு. நான் திட்டு வாங்கத் தயார்.

"ரம்பத்தை இப்படியா புடிப்பாங்க? பாரு, பாம்பு போன மாதிரி அறுத்து வெச்சிருக்கே. நல்ல தேக்கு ராஜம்!"

"வேகன்?"

"குமாஸ்தா சாப்பிடப் போயிட்டான். இந்தத் தங்கவேலு மூணு கிண்ணம் மொஹிங்கா தின்னான்." பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தார். ஊதினார், குழந்தைக்கு ஊதுகிற மாதிரி. "நீ குனிஞ்சு நடக்கறதுக்கா நான் இதைக் கட்டினேன்?"

"முப்பது வருஷம் குனிஞ்சுதானே பிள்ளை புடிச்சேன். இன்னும் ரெண்டு மாசம் குனிஞ்சா முதுகு ஒண்ணும் சொல்லாது. நீங்க இல்லாம நிமிர்ந்து நின்னு நான் என்ன பண்ண?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். வேலிக்கு வெளியிலிருந்து ஊ.த., "உள்ளே வரலாமா?"

கார்த்திகை 20, வெள்ளி

என் கோணலை நேர்ப்படுத்தவே அரை நாள் போனதாம். மூன்று தடவை சொல்லிக் காட்டினார். உற்சாகம் என்றால் அவ்வளவு உற்சாகம்.

புது யோசனை அவருடையதே: மேட்டுக்குப் பதில் கித்தான். சரக்கு மூடுகிற தடித்த துணி. நாலு மூலையிலும் கீல் வைத்த கம்புகள். ஓடும்போது மடங்கிப் படுத்துவிடும். நின்ற பிறகு தூக்கி விட்டால் எழும்பும். துணி தைக்கிற வேலை எனக்கு. கொப்புளக் கையால் ஊசி. சட்டை கிழிந்தால் தைக்காத ஊ.த. கூட ஒரு ஓரம் தைத்தார். பிரித்து மறுபடி தைத்தேன்.

கார்த்திகை 21, சனி

கித்தானைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே நின்றேன். இரண்டு விரல் இல்லை, ஒரு சாண் இடைவெளி!

"இது முன்னாடியே தோணியிருந்தா?" என்றேன்.

"நீ அறுக்காம இருந்திருந்தாத் தோணியிருக்காது," என்றார்.

மூட்டை: அரிசி, பருப்பு, புளி (மறக்கவில்லை), ஊறுகாய் ஜாடி, டாக்டர் மருந்து, வெந்நீர்ப் பை, என் பிரசவப் பெட்டி. எதற்கு அது என்றார். சும்மா என்றேன். பூனை டோ மியாவிடம்.

கார்த்திகை 23, திங்கள்

பனி, கடும் பனி. யார்டில் விளக்குகள் மஞ்சள் கறை மாதிரி. அவர் கழுத்தைச் சுற்றி மூன்று சுற்றுத் துணி. லாரியை வேகனில் ஏற்றிக் கட்டை கொடுத்துக் கட்டினார்கள்.

இஞ்சின் மெல்லத் தள்ளியது. இரும்பு வளைவை நோக்கி. குமாஸ்தா, நாங்கள், ஊ.த., நாலு கூலிக்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லு ராஜம், சொல்லு."

"போகுது... போகுது..."

"இடிக்குதா?"

"போயிடுச்சு!"

யாரோ கை தட்டினார்கள். குமாஸ்தாவாம்.

இப்போது மூன்றாம் வகுப்புப் பெட்டி. லாரி நாலு வேகன் பின்னால் வருகிறது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு வருகிறார். மூச்சு வாங்குகிறது, திட்டினேன். பெகு தாண்டியதும் பனி கலைந்தது. சன்னல் வழியே வெயில் மடியில் விழுகிறது. ஊ.த. இந்த இஞ்சினை ஓட்டுகிறவனைக் குறை சொல்லிக்கொண்டே தூங்கிப் போனார்.

கார்த்திகை 26, வியாழன்

ஆம்ஹெர்ஸ்ட். நேற்று மாலை வந்து சேர்ந்தோம். தென்னை, பாறை, பாறை மேல் கோயில், மூன்று பக்கமும் கடல்.

காலையில் கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி. செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை. ஊ.த. முன் சீட்டில் குறட்டை. வெறுங்காலோடு மணலில் ஓடினேன், ஐம்பத்தேழு வயதில்.

அதோ, கரையோரம் வெகு தூரத்தில், மீன்காரர்கள் வலையை இழுக்கிறார்கள். நடுவில் ஒரு குள்ள உருவம், சட்டை இல்லாமல், வெயிலில், அவர்களோடு சேர்ந்து கயிறு இழுக்கிறது. என்னைப் பார்த்துவிட்டார்.

"ராஜம்!"

அலைச் சத்தத்தைத் தாண்டி வந்து விழுந்தது. இவ்வளவு பெரிய குரல் அவரிடமிருந்து கேட்டு ஒரு வருஷம் இருக்கும். இப்போது இருமுவார் என்று நின்றேன். இருமவில்லை.

"ராஜம்! மீன்! பாத்திரம் கொண்டா!"