மாடிக்குப் போக மறுத்த காரணம்

டிச. 2, செவ்வாய்

காலை முதல் தூறல். பால் கடையில் என் காதுபடவே: "அந்தம்மா கான்வென்ட் ஆளு. பாய் வீட்டுல தண்ணிகூடக் குடிக்காது."

பொய். புயல் மழை வருகிறது, மேலே வந்து தங்குங்கள் என்று மாடிவீட்டு நூர்ஜஹான் கூப்பிட்டதும், நான் மறுத்ததும் உண்மை. காரணம் முழங்கால். வெளிப்படிக்கட்டு, பத்தொன்பது படி, கைப்பிடி கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு என் வீடே போதும்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

டிச. 3, புதன்

மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. நாளை கனமழையாம்.

செய்தவை: வாசலுக்கு மணல் மூட்டை ஆறு (எதிர்வீட்டு மஞ்சுநாத் அடுக்கினார். கோணல். மறுபடி அடுக்கச் சொன்னேன்). கட்டில் கால்களுக்குச் செங்கல். வீட்டுப் பத்திரம், மறைந்த என் கணவர் போட்டோ, மிக்ஸி, எல்லாம் பரணில்.

நூர்ஜஹான் மாடியிலிருந்தே: "ஆண்ட்டி, பாத்ரூம் ஓட்டைய மொதல்ல அடைங்க. பின்னால கால்வாய் ரொம்பினா அது வழியாத்தான் வரும்."

வாசல் பத்திரமாக இருந்தால் போதும் என்றேன். அதே குரலில். ஏன் இப்படி?

டிச. 4, வியாழன்

பதினொன்றுக்குக் கொட்டத் தொடங்கியது. இரண்டுக்குக் கரண்ட் போயிற்று. வாசலில் ஒரு சொட்டு இல்லை. பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பாத்ரூமில் குபுகுபுவென்று சத்தம். கறுப்புத் தண்ணீர். கால் மணி நேரத்தில் கணுக்கால் அளவு. நான் நேராக அடுக்கவைத்த மூட்டைகள் அதை வெளியே போகவும் விடவில்லை!

யாரையும் கூப்பிடவில்லை. நூர்ஜஹானே இறங்கி வந்தாள்.

"வாங்க ஆண்ட்டி."

"முடியாது."

"எங்க வீடு அவ்ளோ கேவலமா?"

"படி ஏற முடியாது, நூர்ஜஹான். முழங்கால்."

"யா அல்லா, இதச் சொல்றதுக்கென்ன? ஏங்க! பிளாஸ்டிக் சேர எடுத்துட்டு வாங்க!"

சேரோடு தூக்கினார்கள். முன்னால் அவள் கணவர் பஷீர், பின்னால் சத்தம் கேட்டு ஓடிவந்த மஞ்சுநாத்.

"அஜ்ஜி, கெட்டியா புடிச்சுக்கோங்க" என்றார் மஞ்சுநாத். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி.

"நான் அஜ்ஜி அல்ல. மிஸஸ் தேவசகாயம்."

"சரி மிஸஸ். ஆனா வெயிட்டு மட்டும் அஜ்ஜி வெயிட்டு இல்ல."

பத்தாவது படியில், கொட்டும் மழையில், மூன்று பேரும் சிரித்தோம். சேர் ஆடியது.

டிச. 5, வெள்ளி

தூறல் மட்டும். சாக்கடை பட்ட என் கால்களை நேற்றே நூர்ஜஹான் வெந்நீரில் கழுவிவிட்டாள். வேண்டாம் என்றேன், காதில் வாங்கவில்லை. இஞ்சி டீ, சேமியா. அவள் தலையணை எனக்கு.

கீழே என் வீட்டைக் கழுவியது ஐந்து பேர். பால் கடைக்காரரும் வந்தார். பினாயில் அவர் கொண்டுவந்தது.

போனவை: ஃபிரிட்ஜ், கோரைப்பாய், செருப்பு இரண்டு ஜோடி. மற்றவை பத்திரம். ஆண்டவருக்கு நன்றி. இவர்களுக்கும்.

டிச. 6, சனி

வெயில். அதே சேரில் கீழே இறக்கிவிட்டார்கள். இன்னும் கோபமா என்று நூர்ஜஹானைக் கேட்டேன். "அய்யே, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆண்ட்டி." வாயால் கேட்டால் யாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் போதாது. தமிழ் பேசினாலும் இந்தக் கன்னட ஊர்ப் பள்ளியில் படித்தவள், அவளுக்குக் கன்னடம்தான் படிக்க வரும். கன்னடத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இங்கே தமிழில் அதன் வரைவு:

நூர்ஜஹான், முழங்காலை மறைப்பதற்காக உங்கள் வீட்டை அவமதித்தேன். தவறு என்னுடையது. அந்த வருத்தம் போயிற்றா, இல்லையா? உள்ளதை உள்ளபடி எழுதவும். எழுத்தில் பதில் வேண்டும்.