கிண்ணத்தில் மீந்த திராட்சரசம்

இன்று காலை ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். திராட்சை புளித்த வாசனை சமையலறையைத் தாண்டி, நீங்கள் உட்காரும் ஜன்னல் வரைக்கும் போயிற்று. வருஷா வருஷம் இந்த வாசனை எழுந்ததும் நீங்கள் அங்கிருந்தே ஏதாவது கேலி பேசுவீர்கள். இன்று யாரும் ஒன்றும் பேசவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு வடிகட்ட உட்கார்ந்தேன்.

உங்களை நான் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. "இங்க பாருங்க" என்பதுதான் நான் உங்களுக்கு வைத்த பேர். அதையே இந்த மடலுக்கும் வைத்துக்கொள்கிறேன். இங்கே பாருங்கள், உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பழசைக் கொஞ்சம் பேச வேண்டும்.

நீங்கள் போனது போன மழைக்காலத்தில். அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்துக்கு வந்த ஜீவனஹள்ளிப் பெண்கள், பாவம் கல்லாகிவிட்டாள் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கல்லெல்லாம் இல்லை. வெகுநேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை. தேவனஹள்ளிப் பக்கத்திலிருந்து திராட்சைக் கூடை சுமந்து வருகிறவள், யஜமானர் எங்கே என்று கன்னடத்தில் கேட்டாள். போய்விட்டார் என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். தமிழில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் பழத்தைப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன்.

வேலூரை விட்டு நாம் பட்டாளத்துத் தண்டுக்கு வந்த புதிதில் நீங்கள் பெரிய கோவிலில் குருவானவருக்குத் துணையாக உபதேசியார். நற்கருணைக்கு வேண்டிய திராட்சரசம் உபதேசியார் வீட்டு ஜாடியில்தான் ஊற வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதல் வருஷம் நான் போட்டது காடியாகிப் போயிற்று. குருவானவர் அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் ஆசீர்வாதம் கூறியதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு கை தேர்ந்துவிட்டது. நான் கூடை கூடையாகப் பழம் ஆய்வதைப் பார்த்தால் உங்களுக்குச் சும்மா இருக்க முடியாது. "கானா ஊர்க் கலியாணத்துக்கு வெறும் தண்ணியே போதுமா இருந்துது. உனக்கு மட்டும் எதுக்கு இத்தனை கூடை?" என்பீர்கள். இயேசு வந்து கை வைக்கட்டும், நான் கூடையை இறக்கிவிடுகிறேன் என்பேன்.

அந்தக் கோவிலில் முன்னால் பெஞ்சுகள், பின்னால் பாய்கள். பெஞ்சில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். பாயில் பட்டாளத்துக் குதிரை லாயத்திலும் தோல் கிடங்கிலும் வேலை செய்தவர்கள், தெருக்கூட்டுகிறவர்கள், ஆயாக்கள். எல்லோருக்கும் ஒரே ஞானஸ்நானம்தான். ஆனால் சாதி இருந்த இடம்வரைக்கும் அந்தத் தண்ணீர் எட்டவில்லை. ரசப் பாத்திரமும் அந்த வரிசையில்தான் போகும். பெஞ்சுக்காரர்கள் பீடத்தண்டை முழங்காலிட்டுக் குடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகே பாயிலிருந்து ஆட்கள் எழுந்திருப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. யாரும் மீறியதுமில்லை. நாமும் பெஞ்சுக்காரர்கள்தான். எனக்கு அது கண்ணில் உறுத்தியதில்லை, ஏனென்றால் நான் முன்னால் இருந்தேன். முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

ஒரு லெந்து நோன்புக் காலத்தில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டங்களுக்குச் சீஷத்துவம் என்று தலைப்பு வைத்தீர்கள். இயேசு நடந்த வாழ்க்கையிலிருந்து வாரம் ஒரு சம்பவம். தொழுநோயாளியைச் சுகமாக்குவதற்கு முன்பே தொட்டது, ஊர் வெறுத்த வரிக்காரன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போனது, இப்படி. கூட்டத்தில் பேசுவதற்கு முன் என்னிடம் பேசிப் பார்ப்பீர்கள். என் கை திராட்சையில் இருக்கும், எழுந்து ஓட முடியாது என்பது உங்களுக்கு வசதி. "சீஷன்னா பின்னாடி நடக்கறவன். அவர் போன இடத்துக்குப் போகணும், அவ்வளவுதான் பாடம்" என்பதுதான் ஒவ்வொரு வாரமும் முடிவு. இதைச் சொல்ல எதற்கு ஒரு மணி நேரம் என்று நானும் கேட்காமல் விட்டதில்லை.

யூதர்கள் தீண்டாத சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட சம்பவம் வந்த வாரம், பேசிக்கொண்டே இருந்தவர் நின்றுவிட்டீர்கள்.

"மொண்டுக்க அவர்கிட்ட ஒண்ணும் இல்ல. அப்போ அவ குடத்துலதான் வாய் வெச்சிருக்கணும்" என்றீர்கள்.

குடித்தார் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எனக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்துக்குப் பரிசு கிடைத்திருக்கிறது.

"கேட்டாரே. அது போதாதா?" என்றீர்கள். அப்புறம்தான் ரோஜாச் செடி விஷயம் வெளியே வந்தது. நற்கருணையில் மிஞ்சுகிற ரசத்தை யாராவது குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது திருச்சபை முறை. நம் கோவிலில் கடைசியாக வாய் வைத்தவர்கள் பாய்க்காரர்கள். அவர்கள் வாய் வைத்ததைச் சபை மூப்பர்கள் குடிக்க மாட்டார்கள். சபை உடையக் கூடாது என்று குருவானவரும் குடிப்பதில்லை. கிண்ணத்தை உங்கள் கையில் கொடுப்பார். நீங்கள் பின்பக்கம் கொண்டுபோய் ரோஜாச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு வர வேண்டும். வேலைக்கு வந்த அன்றே சொல்லித் தந்த வேலை அது.

அந்தச் செடியின் பூதான் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் இருக்கும். மீந்த பூவை மூப்பர் வீட்டுப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்வார்கள். ரோஜாவுக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது. என் கையால் பிழிந்தது அங்கே போகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது சாதியைப் பற்றிய கோபம் இல்லை, ரசத்தைப் பற்றிய கோபம்தான்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஆராதனை முடிந்து எல்லோரும் கோவிலுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் கிண்ணத்தோடு வந்தீர்கள். செடியண்டை நின்றீர்கள். கிண்ணத்தை வாயில் வைத்து மீதியைக் குடித்தீர்கள். துணியால் விளிம்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். மூப்பர் சம்சாரம் என்னிடம் பந்தல் எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டாள்.

பந்தல் நம் கிருபையின் கலியாணத்துக்கு. மாப்பிள்ளை அந்த மூப்பரின் மகன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோவிலில் முதல் ஓலை வாசிப்பதாகப் பேச்சு. ஓலை வாசித்துவிட்டால் கலியாணம் சபையறிய நிச்சயமான மாதிரி. நமக்கு இருந்தது ஒரே பெண். அவளும் அந்தப் பையனும் பாட்டு வகுப்பில் ஒருவரை ஒருவர் பாராமல் பார்த்துக்கொண்டதை நாம் இருவரும் பார்த்திருந்தோம்.

சனிக்கிழமை மூப்பர் நம் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. நல்ல மனுஷன்தான், அதுதான் கஷ்டம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தார். தன் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். அதற்கு வழியும் அவரே கொண்டு வந்திருந்தார்.

"ஒரு வார்த்தை போதும் உபதேசியாரே. ஏதோ தாகத்துல யோசிக்காம குடிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. ஓலை வாசிச்சிடலாம்."

கிருபை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் புடவைத் தலைப்பு தெரிந்தது. நீங்களும் அதைப் பார்த்தீர்கள்.

"யோசிச்சுத்தான் குடிச்சேன் ஐயா" என்றீர்கள்.

எந்தச் சேவலும் கூவவில்லை. மறுதலிக்கப் பேதுருவுக்குக் கிடைத்த மாதிரி உங்களுக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, இந்த மனுஷன் அதையும் கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூப்பர் போனதும் கேட்டுவிட்டேன்.

"இயேசுவுக்குக் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருந்துதா?"

மறுநாள் ஈஸ்டர் விடியற்கால ஆராதனை முடிந்து நடந்து வரும்போது, நான் மறுபடி கேட்காமலே சொன்னீர்கள். "பொண்ணு இல்ல. அம்மா இருந்தாங்க. சிலுவை கிட்டயே நின்னுட்டு இருந்தாங்க."

அந்த அம்மாவையாவது ஒரு சீஷன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தானே போனார், என் பெண்ணை யார் கையில் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேத விஷயத்தில் உங்களை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். ஜெயித்து என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார். ஓலை என்று எதையும் எடுக்காமல் பாட்டின் எண்ணைச் சொன்னார். கிருபை என் பக்கத்தில் நின்று எல்லாச் சரணமும் பாடினாள். பிறகு நர்சு வேலை படிக்கப் போனாள். கோலார் தங்கவயல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இன்றுவரை கலியாணம் இல்லை. உங்களையும் பெரிய கோவிலிலிருந்து எடுத்து, ஜீவனஹள்ளித் தகரக் கூரை ஜெபவீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே பெஞ்சே கிடையாது, எல்லோருக்கும் பாய்தான். மீதியை நீங்களே குடித்துத் தீர்த்தீர்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் பெரிய கோவிலுக்கு ரசம் நம் ஜாடியிலிருந்துதான் போயிற்று. உபதேசியார் கசந்தாலும் உபதேசியார் சம்சாரத்தின் ரசம் அவர்களுக்குக் கசக்கவில்லை.

கிருபை உங்களை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவே இல்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. நீங்கள் படுக்கையில் விழுந்ததும் ரஜா எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசி வாரம் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். நீங்கள் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அவள் அதைக் கொட்ட எழுந்திருக்கவில்லை. அப்படியே தூக்கிக் குடித்துவிட்டாள். நர்சு படித்தவள் இப்படிச் செய்யலாமா, காய்ச்சல்காரர் வாய் வைத்ததாயிற்றே என்றேன்.

"அப்பா மிச்சம்தானேம்மா" என்றாள்.

நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அது உங்கள் காதில் விழுந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். விழுந்திருந்தால் சந்தோஷம். விழாமல் போயிருக்குமோ என்றுதான் இப்போது சொல்லி வைக்கிறேன்.

இனி சேதிக்கு வருகிறேன். நாளை பெரிய வியாழன். பெரிய கோவிலின் புது உபதேசியார் சம்சாரம் மத்தியானம் புட்டியோடு வந்தாள். சித்தூர்ப் பக்கத்துச் சின்னப் பெண், நல்ல மாதிரி. நான் வடித்து ஊற்றிக்கொண்டே, மீதியை இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"பின்னாடி ரோஜாச் செடிக்கு எங்க வீட்டுக்காரர் ஊத்திடுவாருங்கம்மா. இந்த வருஷம் எவ்ளோ பூ தெரியுங்களா?" என்றாள்.

என் பெண்ணின் ஓலை போயிற்று. உங்கள் இடம் போயிற்று. நீங்களும் போய்விட்டீர்கள். அந்தச் செடிக்கு ஒரு வாய்கூடக் குறையவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வர வேண்டும், அழுகையாவது வர வேண்டும். எதுவும் வரவில்லை. புட்டி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தக்கையை அழுத்தினேன். அவளிடம் கொடுக்கும்போது என் வாய் தானாகப் பேசியது.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. நாளைக்கு மீதியை ஊத்த வேணாம். ரசம் போட்டவ வர்றா, அவ குடிச்சிக்குவா."

கேலி என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சரிங்கம்மா என்று புட்டியை அணைத்துப் பிடித்தபடி போனாள். இந்நேரம் சேதி மூப்பர் வீடுவரை போயிருக்கும்.

இது விசுவாசமா என்று கேட்காதீர்கள். நான் இயேசுவுக்குப் பின்னால் போகிறேனா, உங்களுக்குப் பின்னால் போகிறேனா என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று நீங்கள் கடிந்துகொள்வீர்கள். கடிந்துகொள்ள நீங்கள் இல்லை. பெண் இருந்ததா என்று நான் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கீழே வைக்கவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். காலில் உணர்ச்சி வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் ஆராதனை முடிந்துவிடும்.

கிருபை நாளை மத்தியான ரயிலில் வருகிறாள். கூட வருகிறாயா என்று கேட்பேன். வந்தால் அவளுடைய ஓலை வாசிக்காமல் போன அதே இடத்தில் உட்காருவோம். வராவிட்டால் நான் மட்டும் போவேன். ரோஜாச் செடி இந்த வருஷம் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளட்டும்.