தக்ஷாயினியின் கம்பளிச் சட்டை

மாங்கேணி
18.05.2005

அன்புள்ள அக்கா,

நடுச்சாமத்தில் எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கொட்டில் இப்போதுதான் கொஞ்சம் ஆறியிருக்கிறது. சுனாமியில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு தந்த கொட்டில். தென்னங்கிடுகால் மேயக் கேட்டோம்; நெருப்புப் பிடிக்கும் என்று தகரம் போட்டார்கள். இப்போது உள்ளே நாங்கள் வேகிறோம்.

ரொறன்ரோவிலிருந்து உங்கள் சங்கம் அனுப்பிய பெட்டி வந்தது. பிரித்தால் கம்பளிச் சட்டை, கம்பளிப் போர்வை! "மாங்கேணியிலயும் பனி கொட்டுது எண்டு ஆரோ சொல்லியிருக்காங்க போல புள்ள" என்று பக்கத்துக் கொட்டில் இளையதம்பி மாமா சிரித்தார். போர்வைகளை நனைத்துத் தகரத்துக்கு மேலே விரித்திருக்கிறோம். அது உதவிதான், பொய் சொல்லக்கூடாது.

மகள் தக்ஷாயினிக்குச் சட்டை போட்டுப் படம் அனுப்பு என்றாய். மத்தியான வெயிலில் போட்டேன். ஒன்றேகால் வயதுப் பிள்ளை, உடம்பெல்லாம் வேர்க்குரு, வீரிட்டு அழுதாள். அந்தப் படம்தான் உள்ளே இருக்கிறது. இனிக் கேட்காதே.

உன் தங்கச்சி
கலாஜினி


ரொறன்ரோ
08.03.2009

என் செல்லத் தங்கச்சி,

சண்டைக்குள் சிக்கின வன்னிச் சனத்துக்காக நேற்றும் தெருவில்தான் நின்றோம். முழங்கால் மட்டும் பனி. ஒருவருக்கும் குளிரவில்லை, இரத்தம் அப்படிக் கொதிக்குது. தக்ஷாயினி அழுகிற படத்தைப் பெரிதாக்கித் தூக்கிப் பிடித்தேன். பார்த்தவர்களெல்லாம் கண்கலங்கினார்கள். பேப்பரிலும் வந்தது, இணையத்திலும் வந்தது! பெயரும் ஊரும் இருந்தால்தான் நம்புவார்கள் என்று போட்டோம். 'தாயை இழந்த குழந்தை' என்று சங்கப் பொடியன்மார் கீழே எழுதிவிட்டார்கள். குறை நினைக்காதே, நல்ல காரியத்துக்குத்தானே.

முத்தங்களுடன்
சர்மிலா அக்கா


கல்லடி
11.04.2009

அக்கா,

உன் கவர் உடைத்து ஒட்டித்தான் வந்தது. அதனால் இதைக் கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அந்தக் கடிதத்துக்கு முன்னமே இரண்டு புலனாய்வுக்காரர் வந்துவிட்டார்கள், சிவில் உடுப்பில், பேப்பர்ப் படத்தோடு. நாங்கள் மாங்கேணியை விட்டு இடம்பெயர்ந்து இரண்டு வருஷமாகிறது. கல்லடி வரைக்கும் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"தாய் செத்த பிள்ளை எண்டு கிடக்கு. அப்ப நீ ஆரு?"

பட்டம் படித்தவள் நான். என் பிள்ளைக்கு நான்தான் தாய் என்று காட்டப் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். மற்றவன் தக்ஷாயினியைக் கூப்பிட்டான்.

"இது நீதானே? ஏன் அழுறாய்?"

"வெக்கைக்கு. அம்மாதான் கம்பளிச் சட்டை போட்டுவிட்டவ."

நான் எத்தனையோ தரம் சொல்லி அவளைச் சிரிக்கவைத்த கதை. அவர்கள் சிரிக்கவில்லை. என் மனுசன் இனி ஞாயிறுதோறும் அவர்களின் முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். முதல் ஞாயிறு காலையில் போனவர் பொழுதுபட்டுத்தான் வந்தார்.

வன்னிச் சனத்துக்காக நீ நிற்பதைப் பிழை சொல்லமாட்டேன். அங்கே சாகிறதும் எங்கள் சனம்தான். ஆனால் நீ கொதிக்கிறதுக்கு என் பிள்ளையா விறகு? கொதிப்பு ஆறினால் உனக்கு ஹீற்றர் போட்ட வீடு இருக்கிறது. நாய் குரைத்தாலே நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஒளிக்கிறேன். நான் செத்தேன் என்கிற வரியை வாசித்துவிட்டு, அந்தப் பட மட்டையை எப்படியக்கா தூக்கிப் பிடித்தாய்?

படத்தைக் கிழித்துப்போடு. பேப்பர்க்காரரிடம் இணையத்திலிருந்து பெயரையும் ஊரையும் எடுக்கச் சொல்லு. போனில் ஒன்றும் பேசாதே. எடுத்தாயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். நாளைக்கும் ஞாயிறு. கெதியாப் பதில் போடு.

உயிரோடிருக்கிற
கலாஜினி